முகமூடிக்கு அனுமதி இல்லை

வி.பி.என். வழியாக வருகிறவர்களை வெப்சைட்டுகள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அதற்கு அவற்றுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வலையில் சிக்குவது பெரும்பாலும் தவறான ஆள்.

நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2016 ஜனவரி 6-ம் தேதி. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுக் கண்காட்சி மேடையில் நின்றபடி அதன் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் ஒரே நாளில் 130-க்கும் அதிகமான நாடுகளில் கடை விரித்ததாக அறிவித்தார். ஆவலோடு சந்தா கட்டிய இந்திய ரசிகர்களுக்குச் சீக்கிரமே ஒரு விஷயம் புரிந்தது. அமெரிக்கச் சந்தாதாரர் பார்க்கும் படங்களில் கணிசமானவை இங்கே கிடையாது. உலகம் முழுவதும் இதே குறை இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் கையில் அதற்கு மருந்தும் இருந்தது. வி.பி.என். என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் போதும், சென்னையில் உட்கார்ந்திருப்பவர் நியூயார்க்கில் இருப்பதாக நெட்ஃப்ளிக்ஸ் நம்பிவிடும்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு வைத்த கெடு எட்டே நாள். ஜனவரி 14 அன்று அதே நிறுவனம் இன்னொரு அறிவிப்பை வெளியிட்டது. இடைத்தரகு சர்வர்கள் மூலம் வருகிறவர்கள் இனி அவரவர் இருக்கும் நாட்டுக்கு உரிய படங்களை மட்டுமே பார்க்க முடியும் என்றது. அன்று தொடங்கிய துரத்தல் இன்னும் முடியவில்லை. சினிமாக் கம்பெனிகளோடு நின்றிருந்தால் இது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம். ஆனால் இன்று வங்கிகள், கடைகள், அரசு அலுவலகங்கள், செய்தித் தளங்கள் என்று எல்லோரும் வாசலில் ஆள் போட்டிருக்கிறார்கள். முகமூடியோடு வந்தால் திரும்பிப் போ.

ஒரு வெப்சைட்டின் சொந்தக்காரர் இப்படிச் செய்யலாமா? செய்ய முடியுமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பதில்களும் வெவ்வேறு.

கவருக்குள் கவர்

இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது அந்த முகவரி அதன் சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அவர் பக்கத்தை எங்கே அனுப்புவார்? வி.பி.என். செய்வது கவருக்குள் கவர் வைப்பது மாதிரியான வேலை. உங்கள் கடிதத்தை ஒட்டி, இன்னொரு கவரில் போட்டு சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவர் மேல் கவரைக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பதைத் தன் ஊர்த் தபால்பெட்டியில் போடுகிறார். பெறுகிறவர் கண்ணில் படுவது சிங்கப்பூர் முத்திரை. வழியில் இருக்கும் தபால்காரருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

இது திருட்டுத்தனத்துக்காகப் பிறந்த தொழில்நுட்பம் அல்ல. 1996-ல் மைக்ரோசாஃப்டில் இதன் முதல் வடிவங்களில் ஒன்றை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் குர்தீப் சிங் பால் என்ற இந்தியர். வெளியூரில் இருக்கும் ஊழியர் தன் அலுவலகக் கம்ப்யூட்டரோடு பத்திரமாகப் பேசவேண்டும் என்பதுதான் நோக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெங்களூரும் ஹைதராபாத்தும் சென்னையும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தது இந்தக் கவர்களுக்குள் உட்கார்ந்துதான்.

வாசல்காரனின் தந்திரங்கள்

முகமூடியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதல் வழி ரொம்ப எளிது. எந்த ஐ.பி. முகவரிக் கொத்து யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது ரகசியமல்ல. பதிவேடுகளில் யாரும் பார்க்கலாம். வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் டெலிபோன் கம்பெனியின் முகவரி ஒரு ரகம். சர்வர்களை வாடகைக்கு விடும் டேட்டா சென்டரின் முகவரி இன்னொரு ரகம். டேட்டா சென்டருக்குள் உட்கார்ந்து யாரும் சினிமா பார்ப்பதில்லை. அங்கிருந்து ஒரு ரசிகர் வந்தால் சந்தேகம் வருவது இயல்பு. இந்தப் பட்டியல்களைத் தயாரித்து விற்பதே இன்று ஒரு தனி வியாபாரம்.

இரண்டாவது வழி, வி.பி.என். கம்பெனிகளிடமே காசு கட்டி வாடிக்கையாளராகச் சேர்வது. ஒவ்வொரு சர்வராக நுழைந்து, அது எந்த முகவரியில் வெளியே வருகிறது என்று குறித்துக்கொண்டால் பட்டியல் தயார். மூன்றாவது, தலைகளை எண்ணுவது. ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு சந்தாதாரர்கள் வந்தால் அது வீடாக இருக்கமுடியாது. நான்காவது, முரண்பாடுகளைத் தேடுவது. முகவரி நியூயார்க் என்கிறது, பிரவுசரின் கடிகாரமோ இந்திய நேரம் காட்டுகிறது. ஐந்தாவது இன்னும் நுட்பமானது. கவருக்குள் கவர் வைத்தால் உள்ளே இடம் குறையுமல்லவா? சில வகை வி.பி.என்.களில் தகவல் பொட்டலத்தின் அளவே அப்படிச் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயரை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் அமைப்பின் விஷயத்தில் இவ்வளவு சிரமமும் தேவையில்லை. வெளியேறும் முகவரிகளை அந்த அமைப்பே பகிரங்கமாக வெளியிடுகிறது. தடுக்க விரும்புகிறவர் தடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் கொள்கை. நிறையப் பேர் தடுக்கவும் செய்கிறார்கள். 2016-ல் கலிஃபோர்னியா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, உலகின் முதல் 1,000 தளங்களில் 3.67 சதவீதம் டோர் பயனாளர்களை ஒதுக்கியது தெரியவந்தது.

சொந்தக்காரர்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சினிமாவின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. இந்தியாவுக்கு மட்டும் உரிமை வாங்கிய கம்பெனி அதை அமெரிக்காவில் ஓடவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகும். திருட்டு கிரெடிட் கார்டில் பொருள் வாங்குகிறவன் தன் சொந்த முகவரியோடு வரமாட்டான். ஒருவரே நூறு பெயரில் கணக்குத் திறந்து வசை எழுதுவதும், ஒரு தளத்தின் மொத்தச் சரக்கையும் ரோபோ வைத்து அள்ளிக்கொண்டு போவதும் முகமூடிக்குப் பின்னால்தான் நடக்கின்றன. லட்சக்கணக்கான தளங்களுக்குக் காவல் காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம், டோர் வழியாகத் தன்னிடம் வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் கெட்ட நோக்கம் கொண்டவை என்று 2016-ல் சொன்னது. கணக்கிட்ட முறையே சரியில்லை என்று டோர் அமைப்பு மறுத்தது. கணக்கு எப்படியிருந்தாலும், கடைக்காரரின் பயம் கற்பனையல்ல.

சட்டம் யார் பக்கம்?

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை எதுவும் இல்லை. அதே சமயம், வி.பி.என்.னில் வருகிறவரை உள்ளே விட்டே ஆகவேண்டும் என்று வெப்சைட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. எல்லாத் தகவல் போக்குவரத்தையும் சமமாக நடத்தவேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட இணையச் சமத்துவக் கொள்கையை இங்கே இழுக்கமுடியாது. அது இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளுக்கானது; தளம் நடத்துகிறவர்களுக்கானது அல்ல. ரோட்டில் யாரையும் மறிக்கக்கூடாது என்பது வேறு, என் கடைக்குள் யார் வரலாம் என்பது வேறு.

சொல்லப்போனால் சட்டத்தின் எடை சொந்தக்காரர் பக்கமே சாய்கிறது. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டரை அணுகுவதையே தவறாக்குகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ரூ. 5 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்காவில் இது நேரடியாகவே கோர்ட்டுக்கு வந்தது. விளம்பரத் தளமான கிரெய்க்ஸ்லிஸ்ட், தன் விளம்பரங்களை அள்ளிக்கொண்டிருந்த த்ரீடாப்ஸ் என்ற கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பி அதன் ஐ.பி. முகவரிகளையும் தடுத்தது. கம்பெனி வேறு முகவரிகளில் புகுந்து வந்தது. தெரிந்தே தடையைத் தாண்டுவது அனுமதியற்ற நுழைவாகக் கருதப்படலாம் என்று 2013-ல் நீதிபதி சார்ல்ஸ் பிரேயர் தீர்ப்பளித்தார். ஆனால் லிங்க்ட்இன் தொடர்பான இன்னொரு வழக்கில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்த பக்கங்களுக்கு இந்த வாதம் பொருந்துமா என்று 2022-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் பலத்த சந்தேகம் எழுப்பியது.

சொந்தக்காரரின் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்ட இடம் ஐரோப்பா. 2018 டிசம்பர் 3 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய யூனியன் விதிப்படி, இன்னொரு உறுப்பு நாட்டுக்காரர் என்பதற்காக மட்டுமே ஒரு வாடிக்கையாளரை ஆன்லைன் கடை வாசலில் நிறுத்தக்கூடாது. அதிலும் சினிமாவுக்கும் டி.வி.க்கும் விதிவிலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே, தடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: தடுக்கலாம். தடுக்க முடியுமா என்று கேட்டால்தான் கதை மாறுகிறது.

திருடனும் வீட்டுக்காரரும்

வாசலில் நிற்பவரால் ஆளைப் பார்க்க முடியாது. முகவரியைத்தான் பார்க்க முடியும். எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டேட்டா சென்டர் முகவரிகளைத் தடுத்ததும் முகமூடி வியாபாரிகள் வீட்டு முகவரிகளுக்குத் தாவினார்கள். உங்களுக்கு இலவசமாக வி.பி.என். தருகிறோம் என்பார்கள், பதிலுக்கு உங்கள் இணைப்பின் வழியே அந்நியர்கள் போய்வருவார்கள். ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனாளர்களின் இணைப்பை இன்னொரு பெயரில் விற்பது 2015-ல் அம்பலமானபோது பலருக்கு அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி 2024 மே மாதம் வந்தது. 911 எஸ்5 என்ற வலையை அமெரிக்க அரசு பிடித்தது. இலவச வி.பி.என். என்ற பெயரில் நிறுவப்பட்ட மென்பொருள் மூலம் சுமார் 200 நாடுகளில் 1.9 கோடி ஐ.பி. முகவரிகள் கிரிமினல்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த முகவரிகளில் வந்த மோசடிக்காரனை எந்த வாசல்காரனும் சந்தேகித்திருக்க மாட்டான். பார்த்தால் யாரோ ஒரு குடும்பஸ்தரின் வீட்டு இணைப்பு.

இதை ஈடுகட்டப் போய் வீட்டு முகவரிகள்மீதே கை வைத்தால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸ் தன் வலையை வீட்டு முகவரிகள்வரை விரித்தது. வி.பி.என். என்றால் என்னவென்றே தெரியாத சந்தாதாரர்கள் பலர், பட்டியலில் இருந்த படங்கள் திடீரென்று மாயமானதாகப் புகார் செய்தார்கள்.

இந்தியாவில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி ஐ.பி. முகவரிகள்தான். போதாத முகவரிகளை மொபைல் கம்பெனிகள் பங்கு போட்டுத்தான் கொடுக்கின்றன. ஒரே முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் ஒரு விஷமி இருந்து அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறினால் மற்றவர்களும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கவேண்டும். சிக்னல் விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொட்டுக்காட்டு, நீ மனிதன்தான் என்று நிரூபி என்று தளங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகமூடி என்று வாசல்காரன் நினைப்பதில் பாதி முகமூடியே அல்ல. ஊழியர்களின் இணையப் போக்குவரத்து முழுவதையும் ஒரு டேட்டா சென்டர் வழியாகத் திருப்பிவிடும் கம்பெனிகள் ஏராளம். அந்த ஊழியர் மதிய இடைவேளையில் ரயில் டிக்கெட் எடுக்கப் பார்த்தால் அவரும் சந்தேக நபர். 2021-ல் ஆப்பிள் நிறுவனம் தன் சந்தாதாரர்களின் முகவரியை மறைக்கும் வசதியை அறிமுகம் செய்தது. பட்டனைத் தட்டியவருக்கே தான் முகமூடி போட்டிருப்பது நினைவிருக்காது.

முகவரி சொல்லும் ஊரையும் நம்பமுடியாது. இதற்கு நம் அரசே ஓர் உதாரணத்தை உண்டாக்கியது. வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் வி.பி.என். கம்பெனிகள் ஐந்து ஆண்டுகள் பத்திரப்படுத்தவேண்டும் என்று இந்தியக் கம்ப்யூட்டர் அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். போன்ற பெரிய கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே அகற்றிவிட்டன. எக்ஸ்பிரஸ்வி.பி.என். இந்திய முகவரியை மட்டும் கைவிடவில்லை. சர்வர் இருப்பது சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும், முகவரி இந்தியா!

வெளியே நிற்பவர்கள்

யாருக்கு முகமூடி தேவைப்படுகிறது என்று பார்த்தால்தான் பிரச்சினையின் கனம் புரியும். 2019 ஆகஸ்ட் 5-ல் ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது அங்கே இன்டர்நெட் அடியோடு நிறுத்தப்பட்டது. இணையத்தின் மூலம் பேசும் உரிமையும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று 2020 ஜனவரி 10-ல் அனுராதா பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த மாதக் கடைசியில் நத்தை வேகத்தில் இணைப்புத் திரும்பியபோது பார்க்க அனுமதிக்கப்பட்டவை 301 தளங்கள் மட்டுமே. மற்றதை எட்ட காஷ்மீரிகளுக்கு இருந்த ஒரே வழி வி.பி.என். அதைப் பயன்படுத்திச் சமூக ஊடகங்களில் எழுதியவர்கள்மீது பிப்ரவரியில் வழக்கும் பாய்ந்தது. வெளியே எங்கோ இருந்த ஒரு தளம், திருடனுக்குப் பயந்து வி.பி.என்.னைத் தடுத்திருந்தால், அந்தக் கதவில் முட்டிக்கொண்டு நின்றவர்களில் விண்ணப்பம் அனுப்பவேண்டிய ஒரு மாணவரும் இருந்திருப்பார்.

இன்னொரு வரிசையும் உண்டு. பாதுகாப்பு காரணமாக நம் அரசுத் தளங்கள் பல வெளிநாட்டு முகவரிகளுக்குத் திறப்பதில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஊரில் இருக்கும் நிலத்தின் பட்டாவையோ தகப்பனாரின் பென்ஷன் விவரத்தையோ பார்க்க முயன்றால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்திய முகவரி தரும் வி.பி.என். ஒன்றுதான் அவருக்கு மாற்று வழி. அதையும் அடைத்தால் சொந்த நாட்டு அரசின் வாசலில் அவர் அந்நியர். தனியார் கடை விருப்பப்படி கதவடைக்கலாம். குடிமகனுக்கு வேறு கடை இல்லாத இடத்தில் அரசு அப்படிச் செய்வதை அதே கணக்கில் சேர்க்கமுடியாது.

அரசுகளின் பார்வையோ வேறு திசையில் இருக்கிறது. நாட்டில் வி.பி.என்.களை நிரந்தரமாக முடக்க வழி காணவேண்டும் என்று 2021-ல் நம் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. பிரிட்டனில் ஆபாசத் தளங்களுக்கு வயதுச் சோதனை கட்டாயமான 2025 ஜூலை 25 அன்று, தன்னிடம் புதிதாகச் சேர்கிறவர்கள் வேகம் 1,400 சதவீதம் எகிறியதாக ப்ரோட்டான் வி.பி.என். தெரிவித்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2025-ல் வந்த ஒரு மசோதா ஒரு படி மேலே போய், இத்தகைய தளங்கள் வி.பி.என்.காரர்களைத் தடுக்கவேண்டும் என்று கோரியது. முகமூடிக்குள் இருப்பவர் விஸ்கான்சின்காரரா விருதுநகர்க்காரரா என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு மாநிலத்துக்குக் கீழ்ப்படியவேண்டுமானால் உலகம் முழுவதும் உள்ள வி.பி.என்.காரர்களைத் தடுத்தால்தான் உண்டு.

நடுவே ஒரு வழி

வழி இல்லாமல் இல்லை. உலகத்தில் அதிகம் பார்க்கப்படும் தளங்களில் ஒன்றான விக்கிப்பீடியா நீண்டகாலமாக அதைத்தான் செய்கிறது. வி.பி.என்., டோர் எதன் வழியாக வந்தாலும் கட்டுரைகளைப் படிக்கத் தடையில்லை. எழுதவோ திருத்தவோ போனால்தான் அத்தகைய முகவரிகள் தடுக்கப்படும். நம்பிக்கைக்குரியவர் என்று நிரூபித்தவர் விதிவிலக்குக் கேட்டுப் பெறலாம். இதிலும் குறையில்லாமல் இல்லை. பகிர்ந்துகொள்ளும் முகவரிகள் தடைப்பட்டியலில் சிக்கியதால் ஆப்பிரிக்காவிலிருந்து எழுதுகிறவர்கள் தவித்தது பற்றி 2022-ல் அங்கே பெரிய விவாதமே நடந்தது. ஆனாலும் வாசகனுக்கும் விஷமிக்கும் உள்ள வித்தியாசத்தை அது உணர்ந்திருக்கிறது.

மற்ற தளங்களும் இதைச் செய்யமுடியும். பொருட்களைப் பார்க்க விட்டுவிட்டு, பணம் கட்டும் இடத்தில் கூடுதலாக ஒரு ரகசிய எண் கேட்கலாம். பழைய வாடிக்கையாளர் புது முகவரியில் வந்தால் போனுக்குச் செய்தி அனுப்பி உறுதிசெய்யலாம். முகவரியை வைத்து முடிவெடுக்காமல், வந்தவர் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து எடுக்கலாம். ஒரு நிமிடத்தில் ஆயிரம் பக்கங்களைத் திறக்கிறவர் எந்த ஊர் முகவரியில் வந்தாலும் மனிதரல்ல. தடுத்தே தீரவேண்டுமானால், ஏதோ கோளாறு, பிறகு முயலவும் என்று மழுப்பாமல் உண்மைக் காரணத்தைச் சொல்லலாம். அலுவலக ஊழியர் வி.பி.என்.னை அணைத்துவிட்டாவது திரும்பி வருவார்.

இதற்கெல்லாம் செலவு ஆகும், உண்மைதான். ஒரு பட்டியலை வாங்கி மொத்தமாக அடைப்பது மலிவு. ஆனால் அந்த மலிவு வேலையில், காசு கொடுத்து வீட்டு முகவரியை வாடகைக்கு எடுக்கும் மோசடிக்காரன் ஜம்மென்று உள்ளே போகிறான். ஹோட்டல் வைஃபையில் பாஸ்வேர்டு திருடுபோகுமோ என்று பயந்து வி.பி.என். போட்ட வாடிக்கையாளர் வெளியே நிற்கிறார். அவர் புகார் கொடுக்கப் போவதில்லை; பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அவர் வந்ததே கடைக்காரருக்குத் தெரியாது.